அளவறிந்த காவல்

மனித உடலுக்குள் ஓயாத காவல் ஒன்று உண்டு. தன்னுடையது எது, அயலானது எது என்று இரவும் பகலும் பகுத்தறிந்து, அயலானதை எதிர்த்து நிற்கும் வெள்ளணுக்களே அக்காவலர். நோய்க்கிருமிகள் நுழைகையில் நம்மைக் காப்பது இக்காவலே. ஆனால், இறந்த ஒருவரின் கல்லீரல் அன்பின் கொடையாக நம்முள் வைக்கப்படும்போதும் அதே காவல் வாளெடுக்கிறது. கொடைக்கும் பகைக்கும் வேற்றுமை காண அது அறியாது.

அமெரிக்காவின் டென்வர் நகரில் 1963இல் டாக்டர் தாமஸ் ஸ்டார்சல் முதன்முதலாகக் கல்லீரல் மாற்று அறுவை செய்தார். அக்குழந்தை பிழைக்கவில்லை. 1967 ஜூலையில்தான் அவருடைய முயற்சி பலித்தது. இரண்டு வயதும் நிரம்பாத அச்சிறுமிக்கு வந்திருந்தது கல்லீரல் புற்றுநோய். ஸ்டீராய்டும் பிற மருந்துகளும் சேர்ந்து அவளது உடற்காவலை அடக்கின. புதிய கல்லீரலோடு ஓராண்டுக்கும் மேலாக வாழ்ந்தாள். இறுதியில் அவளைக் கொண்டுபோனது புதிய கல்லீரலின் பழுதன்று; உடலெங்கும் பரவிய பழைய புற்றுநோயே.

அச்சிறுமியின் முடிவு ஒரு தீராத சிக்கலை நமக்கு உணர்த்துகிறது. அயலுறுப்பை எதிர்க்கும் காவலே புற்றணுக்களையும் தேடி அழிக்கிறது. அதை முற்றிலும் உறங்கவைத்தால் எங்கோ ஒளிந்திருக்கும் புற்றணு தலைதூக்கலாம். முற்றிலும் விழித்திருக்கவிட்டால் கொடையாக வந்த கல்லீரல் அழியும். எந்த நோயாளிக்கு இந்த அறுவை பயன்தரும் என்பதற்கு 1996இல் இத்தாலியின் மிலான் நகர மருத்துவர்கள் ஓர் அளவு வகுத்தனர். கட்டி ஒன்றேயானால் 5 செ.மீ.க்கு மிகலாகாது, இரண்டோ மூன்றோ ஆனால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்கு மிகலாகாது. எனினும், அறுவைக்குப்பின் காவலை எவ்வளவு அடக்குவது என்ற கேள்வி எஞ்சி நின்றது.

அக்கேள்வி எங்கள் இல்லத்திற்கும் வந்தது. ஹெப்படைட்டிஸ் பி கிருமி பல்லாண்டுகள் உள்ளிருந்து எங்கள் தமையனாரின் கல்லீரலைச் சுருக்கி, முடிவில் கட்டியாகவும் வெளிப்பட்டது. முன்பின் அறியாத ஒரு குடும்பம், தன் துயரத்தின் நடுவிலும் கொடுக்கச் சம்மதித்த கல்லீரல் அவருக்குக் கிடைத்தது. நீரிழிவும் அவருக்கு இருந்தமையால், ஸ்டீராய்டு இன்றியே நடத்திச் செல்லலாம் என்றார் மருத்துவர். அது சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும்; எலும்பை நலிவிக்கும்; ஹெப்படைட்டிஸ் கிருமி பெருகவும் துணைபோகும் என்று விளக்கினார். அறுவை நாளிலும் நான்காம் நாளிலும் பாசிலிக்சிமாப் ஊசி. பின்னர் நாள்தோறும் டாக்ரோலிமஸ். இந்த மருந்து, 1984இல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் கண்டெடுத்த நுண்ணுயிரி தந்தது. இத்தகைய மருந்துகள் வந்த பின்னரே ஸ்டீராய்டை விலக்கும் துணிவு மருத்துவர்க்கு வந்தது.

மூன்றாம் வாரத்தில் இரத்தப் பரிசோதனை எண்கள் ஏறின. உடல் புதிய உறுப்பை மறுக்கத் தொடங்கியதோ என்று அஞ்சினோம். ஊசியால் கல்லீரலின் துணுக்கெடுத்துச் சோதித்ததில், மறுப்பு உண்டு, ஆயினும் இலேசானதே என்று தெரிந்தது. டாக்ரோலிமஸ் அளவைச் சற்றே உயர்த்தினார்கள். அவ்விரவுகளில் செபமாலை கையிலிருந்தும், எதை வேண்டுவதென்று அறியாது திகைத்தோம். காவல் உறங்க வேண்டுமா, விழிக்க வேண்டுமா? இரண்டும் வேண்டும், இரண்டும் அளவோடு வேண்டும். அந்த அளவை மருத்துவர்க்குக் காட்டியருள வேண்டும் என்பதே இறுதியில் எங்கள் மன்றாட்டாயிற்று. பத்து நாள்களில் எண்கள் இறங்கின.

இவ்வழி எல்லார்க்கும் உரியதன்று. தன் எதிர்ப்பாற்றலே தன் கல்லீரலைத் தாக்கும் நோயுள்ளோர்க்குப் பெரும்பாலும் ஸ்டீராய்டு தேவைப்படுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, ஸ்டீராய்டை விலக்கியோர்க்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் குறைவு என்றும், உறுப்பை மறுக்கும் நிகழ்வு சற்று மிகுதி என்றும், இறப்பில் தெளிவான வேற்றுமை இல்லை என்றும் கண்டது. புற்றுநோய் மீள்வதை இம்முறை தடுக்கும் என்று அறுதியிட இன்னும் வலுவான சான்று வேண்டும். ஆகவே, தாமாக மருந்தை நிறுத்துவது எவர்க்கும் ஆகாது. குறைப்பதும் கூட்டுவதும் மருத்துவர் கையில் இருக்க வேண்டியவை.

திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் 2000இல் உரோமையில் கூடிய உறுப்பு மாற்று மருத்துவர்களிடம், உறுப்புக் கொடை உண்மையான அன்பின் செயல் என்று வலியுறுத்தினார். அச்செயல் கொடுப்பவரோடு முடிவதில்லை. பெற்றவர் நாள்தோறும் நேரந்தவறாது மாத்திரை உண்பதும், மாதந்தோறும் இரத்தம் கொடுத்துச் சோதித்துக்கொள்வதும், முகமறியாத ஒருவருக்குத் தம் உடலில் இடங்கொடுத்து வாழ்வதும் அக்கொடைக்கு அவர் ஆற்றும் நன்றியே. வாழ்வில் பல வேளைகளில் அச்சம் நம்மை மிகையாகச் செய்யத் தூண்டுகிறது. பிள்ளையை வளர்ப்பதிலும் அயலாரை ஏற்பதிலும் அப்படித்தான். போதுமென்ற இடத்தில் கையை நிறுத்தி, அதன்பின்னும் கண்ணயராது பார்த்திருப்பது கடினமான அன்பு. அதைக் கற்றுக்கொள்ளும் அருளை இறைவன் நமக்கும் தருவாராக.