உப்பு வாரும் கைக்கு ஒரு பாக்கெட் உப்பு

சென்னையிலிருந்து ஈசிஆரில் பாண்டிச்சேரி போறவங்க மரக்காணத்துல வண்டியை நிறுத்தி உப்புக் குவியலை போட்டோ எடுப்பாங்க. அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்துல எங்க கூனிமேடு. நிலம் உள்ளவங்களுக்கு வேர்க்கடலை, தர்பூசணி, சவுக்கு. நிலம் இல்லாத பலருக்கு உப்பளம்தான் சோறு போடுது. இன்னைக்கு அந்த உப்பைப் பத்தியும், அதை வார்ற பெண்களோட வயித்துல வளர்ற பிள்ளைங்களைப் பத்தியும் எழுதறேன்.

கடல் தண்ணியை வெயில்ல காயவச்சு எடுக்கிற உப்புல அயோடின் இல்லைன்னே சொல்லலாம். தனியா சேர்த்தாத்தான் உண்டு. தாய்க்கு அயோடின் குறைஞ்சா வயித்துப் பிள்ளையோட மூளை வளர்ச்சி பாதிக்கும். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும், மாசமா இருக்கிறவங்களுக்கு 250 வேணும். கடலோர ஊர்தானே, மீன்ல கிடைக்காதான்னு கேப்பீங்க. கிடைக்கும். ஆனா கூலிக்காரங்க வீட்ல தினமும் மீனா இருக்கு?

அயோடின் இல்லாத உப்பை சாப்பாட்டுக்கு விக்கக்கூடாதுன்னு 2006 மே மாசத்திலிருந்து சட்டம் இருக்கு. அது கடைக்குத்தான். பாத்தியிலிருந்து முந்தானையில முடிஞ்சு வீட்டுக்கு வர்ற உப்பை எந்தச் சட்டம் தடுக்கும்?

பக்கத்துத் தெருப் பொண்ணு ஒருத்தி, அஞ்சு மாசம், உப்பளத்துக்குத்தான் போறா. "பாக்கெட் உப்பு வாங்கிக்கடி"ன்னு என் வீட்டுக்காரி சொன்னதுக்கு, "உப்பு வார்றவ உப்பைக் காசு குடுத்தா வாங்குவா, பெரியம்மா?"ன்னு சிரிச்சா. இரும்புச்சத்து மாத்திரை வச்சிருக்கா, ஆனா காலையில டீயோட போடறா. டீயோட போட்டா இரும்பு உடம்புல சரியா சேராதுன்னு அவளுக்குத் தெரியல. ஏன் நர்சம்மாகிட்ட கேக்கலன்னா, "விடியறதுக்கு முன்னாடி போறேன். வந்து குளிச்சு சோறாக்கறதுக்குள்ள அவங்க கிளம்பிடறாங்க. ஒரு நாள் நின்னா கூலி போயிடும்"ங்கறா.

மாத்திரை குடுக்கிற நர்சம்மா பொது சுகாதாரத் துறை. சத்துமாவு குடுக்கிற பால்வாடி டீச்சர் சமூக நலத்துறை. வயிறு என்னவோ ஒண்ணுதான். அவங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டைச் சேர்ந்து பாத்தாத்தான் டீயும் தெரியும், அடுப்பங்கரை உப்பும் தெரியும்.

இது புதுசா நான் சொல்ற யோசனை இல்ல. 1980-ல உலக வங்கிக் கடனோட தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. 6 மாசத்திலிருந்து 36 மாசம் வரைக்கும் உள்ள பிள்ளைங்களை மாசாமாசம் எடை போடுவாங்க. எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் மூணு மாசம் சத்துணவு, தாய்க்குப் புத்திமதி, தேவைப்பட்டா நர்சுகிட்ட காட்டறது. உணவை மருந்து மாதிரி அளவாக் குடுத்தாங்க. கடுமையான சத்துக்குறைவு அதனால குறைஞ்சுது. 1990-களோட அந்தத் திட்டம் முடிஞ்சு, அங்கன்வாடி திட்டத்தோட சேர்ந்துடுச்சு.

1987-ல வந்த டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியும் அந்த வழிதான். 2006-ல 6,000, 2011-ல 12,000, 2018-ல 18,000 ரூபாய்னு ஏறுச்சு. 18,000-ல 4,000 ரூபாய்க்கு ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம், மீதி பணம். சீக்கிரம் பதிவு பண்ணணும், பரிசோதனைக்குப் போகணும்னு நிபந்தனையும் இருக்கு. பணம், சாப்பாடு, வைத்தியம் மூணும் ஒரே முடிச்சுல வந்ததால கர்ப்பிணிங்க ஆஸ்பத்திரிக்குப் போற பழக்கம் பலப்பட்டுச்சு.

மாசம் ஒரு நாள் நர்சும் பால்வாடி டீச்சரும் சேர்ந்து கிராம சுகாதார ஊட்டச்சத்து நாள் நடத்தணும்னு இப்பவும் ஏற்பாடு இருக்கு. உப்பள ஊர்கள்ல அதைச் சாயங்காலம் வச்சா கூலி போகாது. வரும்போது வீட்டு உப்பு ஒரு சிட்டிகை கொண்டாரச் சொல்லலாம். சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டா, அயோடின் இருக்கிற உப்பு நீலமா மாறும். நூறு வார்த்தை சொல்றதைவிட அந்த நிறம் நல்லாப் புரியவைக்கும்.

அப்புறம் உப்பு. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்துல அரசோட தமிழ்நாடு உப்பு நிறுவனம் இரும்பும் அயோடினும் சேர்ந்த உப்பு தயாரிக்குது. பள்ளிக்கூட சத்துணவுக்கும் அது போகுது. மாசமா இருக்கிற உப்பளத் தொழிலாளிக்கு சத்துமாவோட அதுல மாசம் ஒரு பாக்கெட் சேர்த்துக் குடுத்தா பெரிய செலவு ஆகிடாது. மழைக்கு உப்பளம் நிக்கிற மாசங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் குடுக்கிற அரசாங்கத்துக்கு இது முடியாததில்ல.

நீங்களும் ரோட்டோரம் கல் உப்பு வாங்கினா ஊறுகாய்க்கு வச்சுக்குங்க. குழம்புக்கு அயோடின் உப்பைப் போடுங்க, அதையும் டப்பாவுல மூடி வையுங்க. ஈரத்துலயும் வெயில்லயும் திறந்து வச்சா அந்தச் சத்தும் குறைஞ்சுடும்.

அந்தப் பொண்ணுக்கு இப்போதைக்கு என் வீட்டுக்காரி ஒரு பாக்கெட் வாங்கிக் குடுத்திருக்கா. மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொல்லியிருக்கா. ஒரு வீட்டுக்கு அது சரி. உப்பளத்துல இருக்கிற அத்தனை பேருக்கும் பெரியம்மா எங்க கிடைப்பாங்க?