தாகம் தெரிந்தவர்

சிறுநீரகம் கைவிட்டவருக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டைவிடத் தண்ணீர்க் கட்டுப்பாடுதான் கொடியது. நல்ல சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அநேகமாக எல்லாவற்றையும் உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை இரண்டு லிட்டரைத்தான் வெளியேற்றுகின்றன. அந்த வேலை நின்றுபோனால் குடித்த தண்ணீர் காலில் வீக்கமாக இறங்கும், நுரையீரலில் ஏறும், மூச்சு முட்டும். வாரத்துக்கு மூன்று முறை, தடவைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்தாலும், சிறுநீர் அறவே நின்றவருக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். காபி, ரசம், மாத்திரையோடு குடிக்கும் மடக்கு எல்லாம் அதற்குள் அடக்கம்.

என் வீட்டுக்காரர் அந்த நிலையில் இருந்தார். பாளையங்கோட்டையில் சித்திரை வெயில் எப்படியிருக்கும் என்று இந்தப் பக்கத்தார்க்குச் சொல்ல வேண்டாம். "ஏளா, ஒரு மடக்கு தண்ணி தா" என்பார். தாகமென்று வாசலில் வந்து நிற்பவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். கட்டிய கணவருக்கு இல்லையென்று சொன்னேன். ஓர் ஐஸ் கட்டியை அவர் வாயில் போட்டுவிட்டு அடுக்களைக்குள் போய் அழுவேன். அவர் பார்க்க நான் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டேன்.

சபையிலிருந்து வந்தவர்கள் ஜெபித்துவிட்டு, பரலோகம் போனால் ஜீவநதி உண்டு, தாகமும் இல்லை, கண்ணீரும் இல்லை என்று தேற்றினார்கள். அன்போடு சொன்னதுதான். ஆனாலும் என்றைக்கோ வரப்போகும் நதி இன்றைக்கு இந்த நாக்கை நனைக்குமா என்றுதான் எனக்குள் ஓடியது. அதோடு, பரலோகம் என்றாலே எங்கள் வீட்டில் நினைவுக்கு வரும் ஆறு வேறு. பெட்போர்டு சிறையில் பல வருடம் கிடந்த ஜான் பனியனின் பரலோகப் பயணக் கதையை, எங்களூருக்குப் பக்கத்துக் கரையிருப்பில் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை தழுவி இரட்சணிய யாத்திரிகமாகப் பாடினார், 1894-இல் வெளிவந்தது. பனியன் காட்டும் ஆறு மரணம். கடந்தால்தான் அக்கரை. அந்த ஆற்றை நினைக்கவே எனக்கு அப்போது தெம்பு இல்லை.

டயாலிசிஸ் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, சபையார் சொன்ன அந்த வார்த்தைகள் வரும் வெளிப்படுத்தின விசேஷத்தை முதல் அதிகாரத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். எழுதிய யோவான் பத்மு தீவில் இருந்தவர், விசுவாசத்தின் பொருட்டு அங்கே வைக்கப்பட்டவர். ரோமப் பேரரசன் தொமித்தியன் காலத்தில் என்பது பழைய சபை மரபு. சுற்றிலும் உப்புத் தண்ணீர். அவர் யாருக்கு எழுதினாரோ அந்த ஏழு சபைகளில் சிமிர்னா வறுமையில் கிடந்தது. சிறைவாசமும் வரப்போகிறது என்று அவர்களிடம் மறைக்காமல் சொல்கிறார். இப்படிப்பட்ட இடத்திலிருந்து, இப்படிப்பட்டவர்களுக்குத்தான் பளிங்குபோன்ற ஜீவநதி காட்டப்பட்டது. அது கடக்க வேண்டிய ஆறு அல்ல. நகரத்தின் நடுவே ஓடுகிறது, குடிக்க.

ஏழாம் அதிகாரத்தில் வெள்ளை அங்கியோடு நிற்பவர்கள் உபத்திரவத்தின் ஊடாக வந்தவர்கள். அவர்களை நீரூற்றுகளுக்கு நடத்துகிறவர் ஆட்டுக்குட்டியானவர். யார் இந்த ஆட்டுக்குட்டி என்று ஐந்தாம் அதிகாரத்துக்குத் திரும்பினால், சிங்காசனத்தின் நடுவிலும் அவர் அடிக்கப்பட்ட தோற்றத்தோடுதான் நிற்கிறார். பரலோகத்திலும் அந்தக் காயத்தை யாரும் மூடி மறைக்கவில்லை. சிலுவையில் அவர் தம் தாகத்தை வாய்விட்டுச் சொன்னதையும், காடி தோய்த்துக் கொடுத்ததையும் எழுதி வைத்திருப்பது யோவான் சுவிசேஷம். தண்ணீருக்கு வழிகாட்டுகிறவர் தண்ணீருக்குத் தவித்தவர்.

உள்ளே போய் என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். ஃபிஸ்துலா வைத்த கையில் இரண்டு ஊசிகள், இரத்தம் குழாயில் ஓடிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அவருக்குத் தெரியும்லா" என்றார்.

அதற்குப் பிறகும் அவர் தண்ணீர் கேட்டார், நான் இல்லையென்றேன். தாகம் ஒரு சொட்டும் குறையவில்லை. ஆனால் கடவுள் எங்களுக்கு எதிர்ப்பக்கம் நின்று எதையோ கற்பிக்கிறார் என்ற எண்ணம் என்னைவிட்டுப் போய்விட்டது. அவர் கட்டிலில் கிடப்பவரின் பக்கம் இருந்தார். திருவிருந்துப் பாத்திரத்தில் பருகும் துளியையும் அன்றைய கணக்கில் சேர்ப்போம். என் வீட்டுக்காரர் அதை விழுங்காமல் வெகுநேரம் வாயிலேயே வைத்திருப்பார். அதை அவர் அளவுக்கு ருசித்தவர் எங்கள் கோயிலில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அவர் போன பிறகும் அந்த வார்டுக்குப் போய் வருகிறேன். புதிதாக வரும் குடும்பத்தாரிடம் முதலில் பரலோகத்தைப் பேசுவதில்லை. அன்றைய தண்ணீரைக் காலையிலேயே அளந்து ஒரு பாட்டிலில் ஊற்றி வையுங்கள், அதில் கொஞ்சத்தை ஐஸாக்குங்கள், உப்பைக் குறைத்தால் தாகமும் குறையும், வாய் கொப்பளித்துத் துப்பலாம் என்று சொல்லிக் கொடுப்பேன். அவர்களே கேட்டால் ஏழாம் அதிகாரத்தை வாசிப்பேன். ஆனால் ஐந்தாம் அதிகாரத்திலிருந்துதான் தொடங்குவேன். அந்தக் காயத்தைச் சொல்லாமல் நதியை மட்டும் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.