உழக்கடா தம்பி

பனம்பழ வாசம் வந்தால் மற்றவர்களுக்குப் பனங்காய்ப் பணியாரம் ஞாபகம் வரும். எனக்கு வருவது எங்கள் கிணத்தடித் தோய்ச்சல் கல். 1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது, யாழ்தேவி நின்றது, பிறகு பெற்றோல், பற்றரி, உரம், சீமெந்து, மெழுகுதிரி என்று தடைப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்து ஆரும் சவர்க்காரம் கொண்டுவந்தால் அது ஆனை விலை. அம்மம்மா அதற்கெல்லாம் அசையவில்லை. விழுந்த பனம்பழத்தை நார் நாராகப் பிய்த்து, களியைத் தண்ணீரில் கரைத்து, உடுப்பை அதில் ஊறப்போட்டு அடித்துவிடுவா. ஊத்தையும் போகும், நுரைகூட வரும். வாசம்தான் போகாது. வெயிலில் காயக் காய இன்னும் கூடும்.

அந்த வாசத்துக்கு முதலில் மயங்கியது பக்கத்து வளவு மாடு. கொடியில் காய்ந்த என் பள்ளிக்கூடச் சட்டையை வேலிக்கு மேலாலே இழுத்து, பொக்கற்றோடு சேர்த்து அது ஆறுதலாகச் சப்பிக்கொண்டு நின்றதைக் கண்டு நான் அழுதேன், அம்மம்மா சிரித்தா. அடுத்த நாள் பொக்கற் இல்லாத சட்டையோடு வகுப்பில் நின்றபோது சேர் ஏற இறங்கப் பார்த்தார். "மாடு திண்டிட்டுது சேர்" என்றேன். பொய் என்று அடி விழும் என்று நினைத்தால், அவர் தன் சட்டைக் கொலரின் ஓரத்தைத் தூக்கிக் காட்டிவிட்டு, "இரு" என்றார். அவருடைய வீட்டிலும் மாடு இருந்திருக்கிறது.

இரவுக்கு ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக் கட்டையைக் கம்பியில் கொழுவி அதற்குள்ளால் ஒரு திரி. அவ்வளவுதான். அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறையே சோதனைக்குப் படித்தது. நான் படித்ததைவிடத் தலைமயிரைப் பொசுக்கியது அதிகம். பக்கத்து வீட்டு அக்கா கேத்திர கணிதத்தில் மூழ்கிப் பொசுங்குவா, நான் நித்திரை தூங்கிப் பொசுங்குவேன். மயிர் கருகிய நாற்றம் அடுப்படிவரை போனதும் அங்கிருந்து அம்மாவின் குரல் வரும்: "எழும்பி முகத்தைக் கழுவு."

ஆனால் எங்கள் வீட்டின் பெரிய அதிசயம் அப்பாவின் றலி சைக்கிள். பற்றரி இல்லாத ஊரில் றேடியோவுக்கு உயிர் கொடுத்தது அதுதான். விறாந்தையில் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவைப் பின் ரயரில் முட்டவிட்டு, அதிலிருந்து இழுத்த வயரின் நடுவில் அப்பாவின் சிநேகிதர் ஏதோ சின்னச் சாமான் ஒன்றை ஒட்டிக் கொடுத்திருந்தார். இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை. ஒன்பது மணிக்கே பெரியப்பா, முன் வீட்டு மாமா, கடைசி வளவு ஆச்சி என்று சனம் வந்து திண்ணையில் குந்திவிடும். உழக்குகிற வேலை என்னுடையது. சீற்றில் இருந்தால் கால் எட்டாது. ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு பாருக்குக் கீழே காலை விட்டு, நின்ற நிலையிலேயே உழக்குவேன். வேகமாக உழக்கினால் செய்தி வாசிப்பவரின் குரல் கணீரென்று வரும். களைத்தால் அந்த மனிசன் கிணற்றுக்குள் இறங்கிப் போவதுபோல இறங்கிவிடுவார். அவர் எப்போதும் முக்கியமான இடத்தில்தான் இறங்குவார். "உழக்கடா தம்பி, உழக்கடா!" என்று திண்ணை முழுக்கக் கத்தும். லண்டனிலிருந்து வரும் குரல் என் காலில்தான் தங்கியிருக்கிறது என்ற மிதப்பு எனக்கு. அந்த அரை மணி நேரத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் ஒரு சொல்லும் தெரியாது. உலகச் செய்தி முழுவதையும் உழக்கிக் கடந்தவன் நான்.

செய்தி தெரியாவிட்டாலும் விமானம் தெரியும். சத்தத்தை வைத்தே சொல்லுவோம்: மெதுவாக உறுமிக்கொண்டு வந்து தலைக்கு மேலே வட்டமடிப்பது சகடை, சிணுங்கிக்கொண்டு வந்து திடீரென்று குத்துவது சியாமாசெட்டி, பிறகு வந்த புக்காராவுக்கு வேறு சுதி. பெரியவர்கள் வானத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கும்போது நாங்கள் பந்தயம் கட்டுவோம். தோற்றவன் ஒரு செல் துண்டு கொடுக்க வேண்டும். செல் துண்டில் தரம் உண்டு. ஓரம் மின்னுவது, எழுத்து இருப்பது, வெறும் இரும்பு. எழுத்துள்ள ஒன்றுக்கு மூன்று வெறும் இரும்பு. காற்சட்டைப் பையில் அவற்றைக் கிலுக்கிக்கொண்டு திரிந்த அந்தப் பெடியனை இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிற்றுக்குள் ஏதோ செய்யவும் செய்கிறது.

கோடிப்பக்கம் பலா மரத்துக்குக் கீழே எங்கள் பங்கர் இருந்தது. எங்கள் பக்கத்துச் செம்மண் பார்வைக்குத்தான் மெதுமை. கொஞ்சம் தோண்டினால் சுண்ணாம்புக் கல் பல்லைக் காட்டும். அப்பாவும் மாமாவும் அலவாங்கால் அடித்து அடித்து 'ட' வடிவில் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, அம்மாவின் பழைய சீலைகளைப் பையாகத் தைத்து மண் நிரப்பி ஏற்றினார்கள். பங்கரின் மேலே பூப்போட்ட நைலக்ஸ் சீலை. உள்ளே பச்சை மண் வாசம், தேரை, மழை பெய்தால் முழங்கால் தண்ணி, அம்மம்மாவின் தேவாரம். அதோடு அந்த விசுக்கோத்து ரின்.

அது பழைய மலிபன் ரின். விசுக்கோத்து தீர்ந்து எத்தனையோ வருசம். உள்ளே எள்ளுருண்டையோ பயத்தம் பணியாரமோ இருக்கும். அம்மா வைத்திருந்த சட்டம் ஒன்றுதான்: அதைப் பங்கருக்குள் மட்டும்தான் திறப்பா. வெளியில் கெஞ்சினாலும் இல்லை. "கெதியா வாங்கோ, ரின் திறக்கப் போறன்" என்று அவ கூப்பிட்டால் நானும் தங்கச்சியும் எதற்கு ஓடுகிறோம் என்றே தெரியாமல் ஓடுவோம். கன நாள் விமானம் வராவிட்டால் எனக்கு ஏக்கமாக இருக்கும். சாமியறையில் நின்று, சகடையாவது ஒருக்கால் வரட்டும் என்று கும்பிட்டும் இருக்கிறேன். வந்தது. இரண்டு எள்ளுருண்டை கிடைத்தது.

1995 புரட்டாதியில், பத்திரிகைத் தணிக்கை வந்த மறுநாள், வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் பள்ளிக்கூடத்தில் குண்டு விழுந்தது. செப்டெம்பர் 22, மத்தியான நேரம். அந்தச் செய்தி எங்களிடம் வந்தது றேடியோவில் அல்ல. வடமராட்சிப் பக்கமிருந்து வந்த ஒருவர் படலையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார். செத்தது பள்ளிக்கூடப் பிள்ளைகள். நான் வேலியோரம் செல் துண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொரு வகுப்பாகச் சொன்னார். அதில் என் வகுப்பும் வந்தது. அன்றிரவும் உழக்கினேன். முதல் தடவையாக என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு உழக்கினேன். கேட்கக் கேட்கக் கால் தானாக நின்றுவிட்டது. குரல் இறங்கிப் போனது. ஒருவரும் உழக்கு என்று சொல்லவில்லை. பெரியப்பா வந்து என்னை மெல்ல விலக்கிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஏறி உழக்கினார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம்தான். ஒக்டோபர் 30, மழை. ஊர் முழுக்க வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கி. நாலைந்து லட்சம் சனம் ஒரே இரவில் ஓர் ஒழுங்கையால் போவதுபோல நாவற்குழிப் பாலத்தை நோக்கி. வேறு நாளில் சைக்கிளில் ஓடிப் போய் வரும் தூரத்துக்கு விடியும்வரை எடுத்தது. அடி எடுத்து வைப்பது, நிற்பது, பிறகு ஓர் அடி. குழந்தைகளுக்குத் தண்ணீர் இல்லாமல் குடையைக் கவிழ்த்து மழை பிடித்துக் கொடுத்தார்கள். அம்மம்மா றலியின் கரியரில். அவவின் மடியில் ரின்.

எனக்குப் பசி. இது பங்கர் இல்லாவிட்டாலும் இன்றைக்குச் சட்டம் தளரும் என்று நினைத்து, "அம்மா, ரின்னைத் திறவுங்கோவன்" என்றேன். திறந்தா. ஒரே ஒரு பணியாரம், நாலாக உடைந்தது. அதை எடுத்துத் தங்கச்சிக்கும் எனக்கும் தந்தபோதுதான் அடியில் பொலித்தீனில் சுற்றி இருந்ததைக் கண்டேன்: காணி உறுதி, எங்கள் பிறப்புச் சான்றிதழ், கூப்பன் மட்டை, தங்கச்சியின் பஞ்சாயுதம். எப்போதும் அங்கேதான் இருந்திருக்கின்றன. பங்கருக்குள் ரின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அம்மா இருந்தது பலகாரத்துக்குக் காவல் என்றுதான் அத்தனை காலமும் நினைத்திருந்தேன். நான் கண்டதை அவவும் கண்டா. மூடியை அமத்திவிட்டு, "நட" என்றா.

தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை கிடைத்தது. சீலை கட்டிப் பிரித்து, அதற்குள் ஏழெட்டுக் குடும்பம். கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட பெருக்கல் கணக்கு. ஒரு பின்னேரம் அம்மா சங்கக்கடை வரிசையில். நானும் தங்கச்சியும் விறாந்தை நுனியில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தோம். தூரத்தில் மெல்லிய உறுமல். சுற்றிவர பங்கர் ஒன்றும் இல்லை. எனக்கு அது என்னவென்று உடனேயே தெரிந்தது.

"என்னண்ணா சத்தம்?"

"தோட்டத்திலை தண்ணி இறைக்கிற மோட்டர்."

அவள் தலையைச் சரித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"போடா. மண்ணெண்ணெய் மோட்டர் எண்டால் இடைக்கிடை இருமும். இது சகடை." பிறகு எழும்பிப் பின்பக்கத்து மண்ணைத் தட்டிக்கொண்டு கேட்டாள்: "எள்ளுருண்டை இருக்கோ?"