மஞ்சள் வயரில் 12 வோல்ட்

ராம் விலை தாறுமாறாக ஏறுகிறது, தன் 'குருஷியல்' ராம் வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது என்று நண்பரிடம் புலம்பினேன். "பழசைப் பிழைக்க வைக்கிறவர் எங்கூர்ல இருக்கார், வாங்க" என்று ஆழ்வார்திருநகரிக்கு அழைத்துப் போனார்.

ஆதிநாதர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒற்றை ஷட்டர் கடை. சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி, கல்லூரி மாணவன் ஒருவன் வீட்டிலேயே அசெம்பிள் செய்த சிஸ்டம் மேசையில் திறந்து கிடந்தது. வீடியோ எடிட் செய்தால் ஹேங் ஆகிறது. சில நேரம் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. வேறு கடைகளில் விண்டோஸை மாற்றிப் போட்டுக் காசு வாங்கியதுதான் மிச்சம்.

"ராம் போச்சுன்னு சொல்லுதாங்க அண்ணாச்சி."

"சொல்லுதவங்க கழத்திப் பாத்தாங்களாடே?"

ராமின் தங்கநிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து, ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி ஓட்டினார். கோளாறு போகவில்லை. பிராசசர் சூடு அளவோடுதான் இருந்தது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவான ஈவென்ட் வியூவரில், திடீர் நிறுத்தத்தைக் குறிக்கும் 41 என்ற எண் வரிசையாக நின்றது. "எப்ப நின்னுச்சுன்னு சொல்லும், ஏன்னு சொல்லாது" என்றார். அடுத்து நடந்த மென்பொருள் சோதனைகள் எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு மல்டிமீட்டரை எடுத்தார். கறுப்பு முனை கறுப்பு வயரில், சிவப்பு முனை மஞ்சள் வயரில். அங்கே 12 வோல்ட் வர வேண்டும்; ஐந்து சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம், 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது. சும்மா இருக்கையில் 11.9 காட்டியது. வீடியோவை ரெண்டர் செய்ய விட்டதும் 11.6, 11.3, 11.1. மவுஸ் நின்றுவிட்டது. கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றிவிட்டு, சோதனைக்கென்று வைத்திருக்கும் தன்னுடையதை மாட்டினார். அதே வீடியோ தடங்கலின்றி முடிந்தது.

இரண்டையும் என் கைகளில் கொடுத்தார். பையனுடையது வெறும் டப்பாவாகக் கனமே இல்லை. ஆனால் 500 வாட் என்று ஸ்டிக்கர். கழற்றிப் பார்த்தால், மின் இரைச்சலை வடிகட்டும் கம்பிச்சுருள் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டைதான் இருந்தது. வாங்குகிறவர் பிராசசரையும் ராமையும் விசாரிப்பார், எஸ்.எம்.பி.எஸ்.ஸை யாரும் கேட்பதில்லை. அந்த இடத்தில்தான் வியாபாரி கை வைக்கிறான். ஸ்டிக்கர் அச்சடித்தவனுக்கும், மொத்தமாக இறக்கியவனுக்கும், தெரிந்தே விற்றவனுக்கும் லாபம், பழுதைத் தேடிக் கண்டுபிடித்தவருக்கு மட்டும் "சும்மாதானே பாத்தீங்க?" என்ற கேள்வி. இது பச்சைக் கொள்ளை. பொருளுக்குக் காசு கொடுக்கிற நாம், இந்த அறிவுக்கும் கொடுத்தாக வேண்டும்.

அண்ணாச்சியின் பொறுமைக்கு 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஊருக்குள் வந்த வெள்ளமும் ஒரு காரணம். ஆற்றுச் சேறு அப்பிய மதர்போர்டுகளை பிரஷால் தேய்த்துக் கழுவிக் காயவைத்துக் கொடுத்திருக்கிறார். ஓடியவற்றில் சில, மாதங்கள் கழித்து ஹேங் ஆகித் திரும்பி வந்தன. ராம் ஸ்லாட்டுக்கு அடியில் பச்சைக் களிம்பு. அதிலிருந்து, ஓடுகிறது என்பதற்காக எதையும் உடனே கொடுத்தனுப்புவதில்லை; ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டுத்தான் தருகிறார்.

நல்ல எஸ்.எம்.பி.எஸ். எது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பழையதன் வயர்களைக் கட்டரால் ஒட்ட நறுக்கினார். பழைய சாமான் கடையில் போட்டால் ஏதாவது கிடைக்குமே என்றான் பையன்.

"கிடைக்கும்டே. அவன் துடைச்சு, புது ஸ்டிக்கர் ஒட்டி, இன்னொருத்தன் தலையில கட்டிருவான்."