தோள் மாறிய காவடி

பதுளையில் பெரஹெரா ஊர்வலம் போகும் இரவுகளில், கண்டிய நடனக்காரர்கள் கடந்துபோன பிறகு காவடிக் கூட்டம் வரும். வில்லாக வளைத்த சட்டம், இரு பக்கமும் மயில் தோகை, கூடவே ட்ரம்பட்டும் மேளமும். ஆடுவது சிங்களப் பிள்ளைகள். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்த எனக்கு அந்த அடி புதிதல்ல. எங்கள் முருகன் கோயில் திருவிழாவில் பெரியவர்கள் ஆடிய அதே ஆட்டம். தவிலும் உடுக்கும்தான் இல்லை. இது யார் மூலமாக, எந்தக் காலத்தில் அந்தத் தோள்களுக்குப் போனது என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் புத்தகங்கள். முருகன் தலமான கதிர்காமத்துத் தெய்வத்தின் பெயர் சிங்கள மக்களிடையே எழுப்பிய அச்சத்தை ஆங்கிலேயரான ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். 1910இல் அம்பாந்தோட்டை உதவி அரசாங்க அதிபராகக் கதிர்காமத் திருவிழாவை மேற்பார்வையிட்டவர் லெனார்ட் வுல்ஃப். 1913இல் வந்த அவருடைய நாவலில், காட்டோரச் சிங்களக் கிராமத்துக் குடும்பமொன்று கதிர்காமத்தை நினைவூட்டும் தலத்துக்கு நடந்து போகிறது. ஆக, சாமி வெகுகாலமாகவே பொதுச் சாமி. வேடர் மகள் வள்ளி, முருகனையே கந்த குமாரனாகக் கும்பிடும் பௌத்தர்கள், கோயில் வளாகத்துக்குள்ளேயே பள்ளிவாசல், வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்யும் கப்புறாளை என்று எல்லாரையும் கதிர்காமத்து மாணிக்க கங்கைக் கரை சேர்த்து வைத்திருக்கிறது.

காவடியின் கதை வேறு. இடும்பன் பழனிக்கு மலை சுமந்த கதையோடு, மதுரை, திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து வந்து தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் கொண்டுவந்தது அது. மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1978இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை எனக்கு வழிகாட்டியது. கதிர்காமத்துத் தீமிதிப்பு, தமிழர் கையிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சிங்கள பௌத்தர் கைக்கு வந்ததை அவர் அதில் விவரிக்கிறார். காவடியும் அலகும் அதே காலத்தில்தான் சிங்கள பக்தர்களிடையே பரவின.

புத்தகம் காலத்தைக் காட்டியது. ஆளைக் காட்டியது எங்கள் தோட்டத்துப் பாட்டி ஒருவர். எண்பது வயது தாண்டிவிட்டது. தொங்கல் லயத்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, வெற்றிலை இடித்துக்கொண்டே பேசினார்.

"எல்ல, வெல்லவாய, புத்தல... எல்லாம் நடைதான் தம்பி. புத்தல தாண்டினா காடு, யானை. அதனால நாட்டு ஆளுகளும் நாங்களும் ஒண்ணாத்தான் போவோம். எங்க ஐயா காவடிய எறக்கி வச்சா, சிங்களப் பயலுக தூக்கிப் பாப்பானுக. கால் வராது. ஐயா கையத் தட்டிக்கிட்டே அடி சொல்லிக் குடுப்பாரு."

"அவங்களுக்குத் தமிழ் தெரியுமா பாட்டி?"

"அடி வைக்கிறதுக்குப் பாஷை என்னத்துக்கு?"

எழுந்து நின்று காட்டினார். ஒரு கை நிலையைப் பிடித்திருக்க, வலது குதிகால் இரண்டு முறை மண்ணைத் தட்டியது. பிறகு இடது கால் பின்வாங்கி, உடம்பு அரை வட்டம் திரும்பியது. பெரஹெராவில் நான் பார்த்த அடி அதுதான்.

பாட்டியின் ஐயா காட்டு வழியில் அடி சொல்லிக்கொடுத்தது 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில். அப்போது அவருக்குக் குடியுரிமை இல்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அதைப் பறித்தது. அடுத்த ஆண்டு வாக்கும் போனது. காவடியை வாங்கிக்கொண்ட நாடு, காவடி எடுத்தவரைத் தன் குடிமகனாக ஏற்கவில்லை. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கு போட்டது. மீதி 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்துப் பிரித்தார்கள். பாட்டியின் அண்ணன் குடும்பத்தோடு கப்பலேறி நீலகிரிக்குப் போய்விட்டார். ஐயாவுக்குப் பிறகு எங்கள் லயத்தில் காவடி எடுத்தவர் அவர் ஒருவர்தான். சட்டத்தில் நாடற்றவர் நிலை முடிவுக்கு வர 2003 ஆகிவிட்டது.

"ஒரே சாமியைக் கும்பிடுகிறோம், அதனால் நாம் ஒன்று" என்று மேடைகளில் பேசுகிறவர்களை என்னால் அப்படியே ஏற்க முடியாததற்கு இதுதான் காரணம். 1983 ஜூலை 27 அன்று பதுளையில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தபோதும் கதிர்காமத்தான் பொதுச் சாமிதான். அந்த இரவைப் பாட்டி தேயிலைச் செடிகளுக்கு நடுவில், பேரப்பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு கழித்தார். 2000 அக்டோபர் 25 அன்று பண்டாரவளைக்குப் பக்கத்தில், பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் இருந்த இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கும்பலொன்று புகுந்து கொன்றது. 2008 ஜனவரியில் புத்தலயில் பஸ்ஸில் போன சிங்களப் பொதுமக்களைக் குண்டு வைத்தும் சுட்டும் கொன்றார்கள். அங்கே இறந்தவர்களும் இருபதுக்கு மேல். பாட்டி நடந்து போன அதே புத்தல. இரண்டு இடத்துச் சாவுக்கும் சேர்த்து அழத் தெரியாத பக்தியை வைத்துக்கொண்டு நல்லிணக்கம் பேச முடியாது.

அப்படியானால் காவடிக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. ஹாலிஎலப் பக்கம் பிள்ளைகளுக்குக் காவடி பழக்கும் சிங்களப் பெரியவர் ஒருவரைத் தேடிப் போனேன். தகப்பனாரிடம் கற்றதாகச் சொன்னார்.

"அப்பாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தது மாத்தயா?"

"கதிர்காமம் போற வழியில ஒரு தோட்டத்து ஆள். பேர் தெரியாது தம்பி. அப்பா சாகிற வரைக்கும் அந்த ஆளை 'குருன்னான்சே' என்றுதான் சொல்லுவார்."

அது எங்கள் பாட்டியின் ஐயாதானா என்று உறுதி சொல்ல யாரும் உயிரோடு இல்லை. குருவை அழைக்கும் அந்த மரியாதைச் சொல் ஒரு வீட்டில் இரண்டு தலைமுறை காப்பாற்றப்பட்டிருப்பது எனக்குப் போதும். நாங்கள் யாரிடமும் காவடியைத் திருப்பிக் கேட்கவில்லை. தந்தவர்கள் யார் என்பது பிள்ளைகளுக்குச் சொல்லித் தரப்பட வேண்டும், அவ்வளவுதான்.

பெரியவரையும் அவருடைய பிள்ளைகளையும் தோட்டத்துத் திருவிழாவுக்கு அழைக்கலாமா என்று கோயில் கமிட்டியில் கேட்டேன். எண்பத்து மூன்றில் கடை பறிபோன ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் வீட்டுக்குப் போய்ப் பேசினோம். அழைப்பதைத் தடுக்கமாட்டேன், ஆனால் அவர்கள் ஆடும்போது அங்கே நிற்கமாட்டேன் என்றார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை.

பிள்ளைகள் வந்தார்கள். கரகத்துக்குப் பின்னால் ஆடினார்கள். பாட்டிக்கு நாற்காலி போட்டிருந்தோம். ஆட்டம் முடிந்ததும் ஒரு பையனைக் கூப்பிட்டு, திரும்பும்போது இடது காலை இன்னும் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கச் சொன்னார். அடுத்த எசல பெரஹெராவில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளும் அதே வரிசையில் ஆட அனுமதி கேட்டு, தமிழிலும் சிங்களத்திலும் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.