முதலில் எது, பிறகு எது?

அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலத்தில் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவி. கணக்கில் அவள் மோசம் இல்லை. ஆனால் புத்தகத்தின் முதல் பாடமான ‘உறவுகளும் சார்புகளும்’ அவளைப் படுத்தி எடுத்தது. அதிலும் சார்புகளின் சேர்க்கை என்றாலே குழப்பம்தான். ‘எஃப் வட்டம் ஜி’ கேட்டால் ‘ஜி வட்டம் எஃப்’ கண்டுபிடித்து வைப்பாள். கூட்டல் பெருக்கலில் தப்பே இருக்காது. மதிப்பெண்ணும் இருக்காது!

சார்பு என்பது ஒரு விதி. ஓர் எண்ணைக் கொடுத்தால் அதற்கென்று ஒரே ஓர் எண்ணைத் தரும். ஒரு விதி தந்த விடையை அப்படியே இன்னொரு விதிக்குக் கொடுப்பதுதான் சேர்க்கை. ‘இரண்டால் பெருக்கு’ என்பது ஒரு விதி. ‘மூன்றைக் கூட்டு’ என்பது இன்னொன்று. 5ஐ முதலில் பெருக்கிப் பிறகு கூட்டினால் 13. முதலில் கூட்டிப் பிறகு பெருக்கினால் 16. வரிசை மாறினால் விடையும் பெரும்பாலும் மாறிவிடும்.

இது பரீட்சைக்கு மட்டும்தான் என்று அவள் நினைத்திருந்தாள். வீட்டில் மக்காச்சோளம் எடை போட்ட அன்றுதான் அந்த நினைப்பு மாறியது. ஒரு மூட்டை 100 கிலோ. வியாபாரி ஈரத்துக்கு 5 சதவீதம் கழித்தார். 95 கிலோ. பிறகு சாக்குக்கு ஒரு கிலோ கழித்து 94 என்று எழுதினார். அவள் தன் நோட்டில் சாக்கை முதலில் கழித்துப் பார்த்தாள். 99 கிலோவில் 5 சதவீதம் போனால் 94.05 கிலோ.

“ஏம்ப்பா, சாக்குக்கும் சேர்த்தா ஈரம் பிடிக்கிறாங்க?” என்று கேட்டாள்.

வித்தியாசம் மூட்டைக்கு 50 கிராம்தான். நாற்பது மூட்டைக்கு இரண்டு கிலோ. பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே கழிவைத்தான் கழித்தார்கள், கணக்கிலும் பிழை இல்லை, வரிசை மட்டும்தான் வேறு. அது அவள் மனதில் பதிந்துவிட்டது.

அப்படியானால் தேர்வில் ஏன் தலைகீழாகப் போட்டாள்? காரணம் நம் தமிழிலேயே இருக்கிறது. “வெங்காயத்தை உரித்து, நறுக்கி, வதக்கு” என்கிறோம். பொருள் முதலில் வருகிறது. வேலைகள் செய்யும் வரிசையிலேயே பின்னால் வருகின்றன. கணிதக் குறியீடு அப்படி இல்லை. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஆய்லர் 1734இல் பயன்படுத்திய முறையில் சார்பின் பெயர் முன்னால் நிற்கும், எண் பின்னால் வரும். அந்த முறையில் சமையலை எழுதினால் ‘வதக்கு, நறுக்கு, உரி, வெங்காயம்’ என்று ஆகும். இதை இடமிருந்து செய்தால் உரிக்காத வெங்காயம்தான் வாணலியில் விழும்! எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் முதலில் வேலை செய்யும். ‘எஃப் வட்டம் ஜி’ என்றால் முதலில் ஜி, பிறகு எஃப். அவள் தமிழ் படிப்பதுபோலப் படித்தாள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. எல்லா விதிகளையும் சேர்த்துவிட முடியாது. விக்கிரமங்கலத்திலிருந்து அரியலூருக்குப் பஸ்ஸில் போய், அங்கே சென்னைக்கு ரயில் ஏறலாம். ஜெயங்கொண்டத்துக்குப் பஸ் ஏறினால்? அங்கே ரயில் நிலையமே இல்லை. முதல் பயணம் முடியும் இடத்தில் இரண்டாவது தொடங்க வேண்டும். அதுபோல முதல் சார்பின் விடைகள் எல்லாம் இரண்டாவது சார்பின் மதிப்பகத்துக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேர்க்கையே கிடையாது.

அடுத்த தேர்வில் அவள் வினாத்தாளின் ஓரத்தில் பென்சிலால் சிறிதாக ‘வெங்காயம்’ என்று எழுதி, வலப்பக்கத்திலிருந்து தொடங்கினாள். விடை சரியாக வந்தது.

அடுத்த அறுவடையில் தராசு பக்கத்தில் நின்ற அப்பா, “சாக்கை முதல்ல கழிங்க, அப்புறம் ஈரத்தைப் பாக்கலாம்” என்றார். வியாபாரி சிரித்துக்கொண்டே அப்படியே எழுதினார்.

புரியாத பாடம் என்று நாம் ஒதுக்கிவைப்பது பல நேரங்களில் நம் வீட்டு வாசலிலேயே நடந்துகொண்டிருக்கிறது. எதை முதலில் செய்கிறோம் என்று கவனித்தால் போதும்.