உப்பு எங்கடி?

ஆயா உப்புக்கண்டம் போடும் நாட்களில் காக்கா விரட்டுவது என் வேலை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்பக்கம் எங்கள் ஊர். மொட்டை மாடியில், தலையில் ஈரத்துண்டும் கையில் குச்சியுமாக உட்கார்ந்திருப்பேன். கல்லுப்பு, மஞ்சள், மிளகாய், பூண்டு அரைத்துப் பிசறிய வெள்ளாட்டுக் கறியைக் கோணி ஊசியால் கயிற்றில் கோத்து, துணி காயப்போடும் கொடியில் ஆயா தொங்கவிடும். நாலைந்து நாள் சித்திரை வெயிலில் கறி விறகு மாதிரி ஆகிவிடும். அப்புறம் ஜாடி. மழைக்காலத்தில் நாலு துண்டை நசுக்கி எண்ணெயில் பொரித்தால், பழைய சோறு எவ்வளவு இருந்தாலும் பத்தாது.

வளர்ந்து உணவுத் தொழில்நுட்பம் படித்தேன். கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்கு முருங்கை இலைச் சாற்றை எடுத்துக்கொண்டேன். மதுராவுக்குப் பக்கத்தில் மக்தூமில் இருக்கும் மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் முருங்கை இலைச் சாற்றை வெள்ளாட்டுக் கறி பேட்டியில் சேர்த்துப் பார்த்து, 2012இல் கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். கறிவேப்பிலையிலும் இதே மாதிரி செய்திருக்கிறார்கள். படித்தபோது எனக்கு ஆயாவின் மஞ்சள் கைதான் ஞாபகம் வந்தது.

கறி 'கெட்டுப்போச்சு' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது உண்மையில் இரண்டு விஷயம். ஒன்று, கொழுப்பு காற்றோடு சேர்ந்து சிக்கு வாடை அடிப்பது. கறியில் இருக்கும் இரும்பே அதைத் தூண்டிவிடும். கொத்துக்கறியில் இன்னும் வேகம். இலைகளில் இருக்கும் பீனால் பொருட்கள் கொழுப்புக்கு விழ வேண்டிய அடியைத் தாங்களே வாங்கிக்கொள்ளும். பி.எச்.டி. என்கிற (பட்டம் அல்ல) செயற்கைப் பொருள் செய்வதும் இதே வேலைதான். இன்னொன்று, கிருமி. அது வேறு சண்டை.

நான் பார்த்தது முதல் சண்டையை மட்டும். கறிச் சாற்றில் தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்துச் சூடாக்கினால், சிக்கு ஏறிய அளவுக்கு இளஞ்சிவப்பு வரும். அதை 532 நானோமீட்டரில் அளப்போம். முருங்கை போட்ட குழாய்கள் வெளிறியே இருந்தன. எனக்குக் குதிக்கணும் போல இருந்தது. சுவைத்துப் பார்த்த தோழிகள்தான், "கீரை வடை மாதிரி இருக்குடி" என்றார்கள்.

ஆயாவிடம் சொன்னேன். "இலையைப் போட்டா கறி கெடாதா? உப்பு எங்கடி? வெயிலு எங்கடி?" என்றது. சிரித்துவிட்டேன்.

இப்போது சிப்காட் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். சிக்கன் சாஸேஜ் போடுகிறார்கள். போன மாதம் மேலாளர் கூப்பிட்டார். சோடியம் நைட்ரைட்டை எடுத்துவிட்டு இலைச் சாறு சேர்க்க வேண்டும், கவரில் 'ரசாயனம் இல்லை' என்று போட வேண்டும், காலாவதித் தேதி மட்டும் பழையபடியே இருக்க வேண்டும். நான் கையெழுத்துப் போடணும்.

நைட்ரைட்டைப் பற்றிய பயம் சும்மா வந்ததல்ல. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் சேர்த்தது. ஆனால் நைட்ரைட் வெறும் நிறத்துக்காகப் போடுவதில்லை. காற்றில்லாத பாக்கெட்டுக்குள் வளர்ந்து விஷம் கக்கும் போட்டுலினம் கிருமியை அடக்குவது அதுதான். வெளிநாட்டில் 'இயற்கை' சாஸேஜுக்கு செலரிப் பொடி போடுவார்கள். அதிலிருந்து வருவதும் அதே நைட்ரைட்தான், லேபிள்தான் வேறு. எங்கள் திட்டத்தில் அதுகூட இல்லை.

"கிருமி டெஸ்ட் பண்ணாம தேதி போட முடியாது சார்."

"நீதானம்மா இந்த இலையில ப்ராஜெக்ட் பண்ண?"

பதில் வரவில்லை. நான் சந்தோஷப்பட்ட அதே வெளிறிய குழாய்களைத்தான் அவர் எனக்கு எதிராக வைத்தார். தம்பி காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய மாதம் வேறு. படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆயா மாடியில் நின்றுகொண்டிருந்தது. ரொம்ப வருஷம் கழித்து ஆசையாக உப்புக்கண்டம் போட்டிருந்தது. ஒரு துண்டை முந்தானையால் துடைத்துக் காட்டியது. துணியில் கரி. இரவெல்லாம் எங்கிருந்தோ வந்து படியும் தூசி. காலையில் மாடியில் நடந்தால் உள்ளங்காலும் இப்படித்தான் ஆகும்.

"கழுவிடலாமே ஆயா."

"கழுவினா உப்பு பூடும், ஈரம் ஏறும். அப்பறம் நிக்குமா?"

தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தால் திட்டுகிற கிழவி, இரண்டு கிலோ கறியைக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தது. "சந்தேகம்னு வந்துட்டா புள்ளைங்க தட்டுல வெக்கக்கூடாதுடி" என்றது. பிறகு கயிற்றைச் சுருட்டி உள்ளே வைத்தது.

ஆயாவின் கறியை மஞ்சள் மட்டும் காப்பாற்றவில்லை. உப்பும் வெயிலும் தண்ணீரை இழுத்தன, காற்று சுத்தமாக இருந்தது, மஞ்சள் கூட நின்றது. இலை நல்ல துணை. துணையை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது.

திங்கட்கிழமை படிவத்தில் கையெழுத்துக்குப் பதிலாக மூன்று வரி எழுதினேன்: இலைச் சாறு சிக்கு வாடையைத் தள்ளிப்போடும். கிருமிக்கு நைட்ரைட்டின் இடத்தை அது பிடிக்கும் என்று நான் சோதித்ததில்லை. சோதனை முடியும்வரை நைட்ரைட்டை எடுக்கக் கூடாது.

மேலாளர் படித்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. படிவம் இன்னும் அவர் மேஜையில்தான் இருக்கிறது. தினமும் அதைக் கடந்துதான் என் இடத்துக்குப் போகிறேன்.